லொறி நின்ற இடம்

பக்தி என்ற பெயரில் நடக்கிற கூத்துகளில் மிகக் கேவலமானது எது என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்காமல் என் மச்சான் சவுந்தரநாயகத்தைக் காட்டுவேன். என் மனைவி ஐறீனின் தமையன். கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை வைத்திருப்பவன், எங்கள் மாதா கோயில் பங்கின் திருநாள் கமிற்றித் தலைவன். கோயிலுக்கு ஒரு வாங்கு செய்து கொடுத்தால் அதில் ஆள் இருக்க இடமில்லாத அளவுக்குத் தன் பெயரை எழுதுவிப்பான். கமரா இருக்கிற பக்கம் திரும்பித்தான் சிலுவை அடையாளம் போடுவான்.

எழுபத்தெட்டில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கோயிலில் இருக்கிற மாதா சுரூபம் கறுத்துப் போய்விட்டதாம், திருச்சியில் புதிதாக ஒன்று செய்வித்து விமானத்தில் கொண்டு வரவேண்டுமாம். சாமான்களோடு போட்டால் மரியாதையில்லை என்று மாதாவுக்குத் தனி சீற் எடுத்தான். இடுப்பளவு உயரச் சுரூபம், சீற்றில் நிறுத்திப் பெல்ட்டால் கட்டலாம். பக்கத்துச் சீற்றில் அவன். அந்த விமானத்துக்குக் கெப்டன் நான். செய்தி பரவியதும் பங்கில் எல்லோரும் என்னை மாதாவுக்குச் செய்தி கொண்டுவந்த கபிரியேல் சம்மனசைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

துணை விமானி ஹுசைன். வெள்ளவத்தைக்காரன். முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் விமானம் ஓட்டும்போது கை பதறாது. அடுத்த மாதம் அவனுக்குப் பதவி உயர்ந்து, தோளில் கெப்டன் பட்டி ஏற இருந்தது. அன்றைக்குத் திரும்பி வரும் பயணத்தை ஓட்டியது அவன்தான், நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆனி மாதத்து மழை. முகில் தரையில் படுத்துக் கிடந்தது. இப்படிப்பட்ட நாளில் ஓடுபாதையைக் கண்ணால் தேடி இறங்க முடியாது. நிலத்திலிருந்து இரண்டு அலைக்கதிர்கள் வரும். ஒன்று ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும், மற்றது எந்தச் சரிவில் இறங்குவது என்று காட்டும். எங்கள் முன்னால் உள்ள கருவியில் அதற்கு இரண்டு முட்கள். இரண்டும் நடுவில் நின்றால் வழி சரி. நிலத்திலுள்ள கருவி பழுதாகி அலை நின்றுவிட்டால் ஒரு சிறிய சிவப்புக் கொடி விழுந்து, என்னை நம்பாதே என்று சொல்லிவிடும். கொடி விழாமலே முள் பொய் சொல்வதுதான் ஆளைக் கொல்லும்.

வழியில் ஓரிடத்தில் நிலத்திலிருந்து ஒரு அடையாள ஒலி காதில் கூவும். அந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். பார்த்தோம், சரியாக இருந்தது. சக்கரங்களை இறக்கினோம். அதற்குப் பிறகுதான் சரிவு காட்டும் முள் மெல்லக் கீழே போனது. நீ உயரத்தில் நிற்கிறாய், இறங்கு என்று அர்த்தம். ஹுசைன் மூக்கைக் கொஞ்சம் பதித்தான். முள் இன்னும் கீழே போனது. இன்னும் பதித்தான். முள் ஒருதரம் மேலே துள்ளி, மறுபடி விழுந்தது. என்னுடைய முள்ளைப் பார்த்தேன், அதுவும் அப்படியே ஆடியது. இரண்டும் ஒரே கதையைச் சொல்கிறதே என்று ஆறுதல்படுகிறவன் முட்டாள். இரண்டு பேரும் கேட்பது ஒரே அலையைத்தான், அலை கோணினால் இரண்டு முள்ளும் சேர்ந்து கோணும். கொடி விழவில்லை.

நான் இறங்கும் வேகத்தைப் பார்த்தேன். வழக்கமாக இருக்கவேண்டியதைவிட இரண்டு மடங்குக்குக் கிட்ட வந்திருந்தது. வாயைத் திறக்கப் போனேன், ஹுசைன் முந்திக்கொண்டான். விமானத்தில் நாங்கள் ஆங்கிலம் மட்டும்தான் பேசுவோம். அன்றைக்கு அவன் வாயில் தமிழ் வந்தது.

“கெப்டன், இந்த முள்ள நம்ப ஏலா. இது நம்மள நிலத்துல கொண்டுபோய் அடிக்கப் பாக்குது. நான் மேல போறன்.”

போ என்றேன். அவன் எஞ்சின்களை முழு வேகத்துக்குத் தள்ளி மூக்கைத் தூக்கினான். முகிலின் அடிவயிறு கிழிந்து ஒரு கணம் பச்சைப் புல் மிகக் கிட்டத் தெரிந்தது. என் கண் முழுக்க வேகமானியில் இருந்தது, புல்லில் என்ன நின்றது என்று பார்க்க எனக்கு நேரமில்லை. பின்னால் ஏதோ விழுந்த சத்தமும் ஒரு ஓலமும் கேட்டன.

ஓலம் சவுந்தரநாயகத்தினுடையது. தரையிறங்கும் நேரம், பெல்ட்டைக் கழற்ற வேண்டாம் என்று பணிப்பெண் படித்துப் படித்துச் சொல்லியும் மனுசன் எழும்பி நின்றிருக்கிறான். இறங்கியதும் கமராவுக்கு முன்னால் மாதா சரிகைச் சால்வையோடு நிற்கவேண்டுமே, அதைப் போர்த்துவதற்காக. விமானம் மேலே எழும்ப அவன் கீழே உருண்டு, விழும்போது மாதாவின் கையைப் பிடித்தான். அவனுக்கு மணிக்கட்டு முறிந்தது, மாதாவுக்கு ஒரு விரல் போனது.

மேலே ஒரு சுற்றுப் போனோம். சரிவு காட்டும் அலை சரியில்லை, அதை விட்டுவிட்டு நடுக்கோட்டு அலையை மட்டும் வைத்து இறங்கப் போகிறோம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னேன். தங்களிடம் ஒரு குறையும் காட்டவில்லையே என்றார்கள். காட்டாது என்றேன். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு உயரம் என்று நான் வாசிக்க, ஹுசைன் படிப்படியாக இறக்கினான். ஓடுபாதை கண்ணில் படாமல் ஒரு அளவுக்குக் கீழே போவதில்லை என்று பேசிக்கொண்டோம். அந்த அளவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மழைக்குள் விளக்குகள் தெரிந்தன. பஞ்சில் வைத்ததுபோல இறக்கினான். நான் அவன் தோளில் தட்டினேன்.

கீழே பாண்ட் வாத்தியம் முழங்கியது. கட்டடத்துக்குப் பக்கத்தில் கமிற்றியின் லொறி. லொறியா அது! சவுந்தரநாயகத்தின் கடையில் கிடந்த இரும்புக் குழாயையும் தகரத்தையும் கொண்டு, மாதாவின் பின்னால் ஒளி வீசுவதுபோல வீடு உயரத்துக்குக் கதிர்கள் வெட்டி நட்டு, வெள்ளிப் பூச்சு அடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ இடறியது. ஓடுபாதை தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குள், சிவப்பும் வெள்ளையும் அடித்த ஒரு கம்பம் நிற்கும். சரிவுக் கதிர் அதிலிருந்துதான் வரும். அதன் முன்னால் ஒரு சைக்கிள்கூட நிற்கக்கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். இரும்பு நின்றால் அலை அதில் பட்டுத் தெறித்துக் கோணிவிடும்.

பின்னேரம் வீட்டில் ஐறீனிடம் கேட்டேன். வரவேற்புக்குப் போனவர்களில் அவளும் ஒருத்தி. நாங்கள் முதல்தரம் இறங்க வந்தபோது லொறி எங்கே நின்றது என்று கேட்டேன்.

“சாமான் கேற்றுக்குப் பக்கத்தில. நானும் அங்கதான் நிண்டனான். ஏன் கேக்கிறீங்கள்?”

சும்மா கேட்டேன் என்று சொல்லி விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருசம் கூட வாழ்ந்தவள் சொல்வதைச் சந்தேகிக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தொடங்கியது கண்றாவி. கையில் மாக்கட்டோடு சவுந்தரநாயகம் கோயில் வாசலில் நின்று கதை அளந்தான். விமானம் விழப்போனதாம். ஓட்டிய சோனகப் பொடியனுக்கு இறக்கத் தெரியவில்லையாம். மாதா தன் விரலைக் கொடுத்து விமானத்தைத் தூக்கி எல்லோரையும் காப்பாற்றினாவாம். படித்த சனம், வங்கியிலும் துறைமுகத்திலும் வேலை பார்க்கிற சனம், வரிசையில் நின்று அந்த முறிந்த விரலை முத்தமிட்டது. விமானத்தைத் தூக்கியது ஹுசைனின் கை என்று நான் ஒருவரிடம் சொன்னேன். உங்கள் பெருந்தன்மை கெப்டன் என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சீ, என்ன சனம் இது.

கதை கோயில் வாசலோடு நின்றிருந்தால் நான் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். சவுந்தரநாயகம் எங்கள் நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதினான். அவனுக்கு ஒரு பிரதி மந்திரியின் ஆளைத் தெரியும், அந்த ஆள் மேலிடத்தில் தொலைபேசி எடுத்தான். விசாரணை வந்தது. மறுநாளே நிலத்திலுள்ள கருவியைச் சோதித்தார்கள், பழுதில்லை. எங்கள் விமானத்தின் கருவியைச் சோதித்தார்கள், அதுவும் பழுதில்லை. இரண்டும் நல்லதென்றால் மிஞ்சுவது ஓட்டியவன் தானே. ஹுசைன் முள்ளைப் பிழையாக வாசித்தான், தேவையில்லாமல் பதறித் தூக்கினான், பயணி ஒருவர் காயப்பட்டார் என்று கதை முடியப்போனது. கெப்டன் பட்டி நின்றது. பறக்க வேண்டாம் என்று வீட்டில் இருத்தினார்கள். விசாரணை முடிவு எதிராக வந்தால் அவனுக்கு வேலையே இல்லை. விமானி என்று இன்னொரு கதவைத் தட்டவும் முடியாது.

நானும் அதே முள்ளைப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். மனேஜர் வாசித்துவிட்டுச் சிரித்தார். நீங்கள் உங்கள் பொடியனைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்றார். இரண்டு பேருக்கும் ஒரே பொய்யைச் சொல்ல அந்த அலைக்கு ஏதாவது காரணம் வேண்டுமே, காரணத்தைக் கொண்டு வாருங்கள் என்றார். கேற் காவலாளியிடம் போனேன், ஒரு வாகனமும் உள்ளே வரவில்லை என்று அடித்துச் சத்தியம் செய்தான். கோபுரத்தில் கேட்டேன், அந்த மழையில் ஓடுபாதையின் அந்தக் கடைசித் தொங்கலே தெரியவில்லை என்றார்கள். லொறியின் சக்கரத் தடம் தேடிக் கம்பத்தடியில் போய்ப் பார்த்தேன், முழங்கால் வெள்ளம். கமிற்றியில் ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லோருக்கும் ஒரே பதில், பாடமாக்கியதுபோல. லொறி சாமான் கேற்றடியில்தான் நின்றது.

ஒருநாள் பின்னேரம் ஹுசைனின் மனைவி ஸமீமா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி, வயிற்றில் பிள்ளையோடு. கதிரையின் நுனியில் இருந்தாள்.

“அவர் சரியா சாப்பிடுறல்ல சேர். ஊட்ட விட்டு வெளிய போறதும் இல்ல. நான் பிழையா தூக்கிட்டேனா, நான் பிழையா தூக்கிட்டேனா எண்டு அதையேதான் கேக்குறார். பிழை இல்ல எண்டு நீங்க ஒருக்கா வந்து சொல்லுங்களேன்.”

சொல்கிறேன் பிள்ளை என்றேன். ஐறீன் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். ஸமீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்பட வேண்டாம், உங்கள் அவருக்காக நான் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று சொன்னாள். ஸமீமா கண் கலங்கி நன்றி சொன்னாள். என் மனைவியின் நல்ல மனதை நினைத்து அன்றைக்கு எனக்கும் கண் கலங்கியது. அதை நினைத்தால் இப்போது என் கண்ணைத்தான் பிடுங்கிப் போடலாம் போலிருக்கிறது.

திருநாளுக்கு முதல் வெள்ளிக்கிழமை சவுந்தரநாயகம் வீட்டுக்கு வந்தான். கண்ணாடி போட்ட பெரிய படம் ஒன்று அவன் கக்கத்தில். ஐறீன் அதைக் கண்டதும் கதவடியிலேயே மறித்தாள். “இஞ்ச வேண்டாம் அண்ணை, சுவரில இடமில்லை” என்றாள். இடமில்லையாவது, கெப்டன் வீட்டில் இல்லாமல் வேறு எந்த வீட்டில் இருக்கவேண்டும் என்று அவளைத் தள்ளிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தான். மாதா அற்புதம் செய்த புதுமைப் படமாம். கமிற்றியின் படப்பிடிப்பாளன் றேமண்ட் எடுத்ததாம். இதையே சின்னதாக அச்சடித்து, பின்பக்கம் செபத்தைப் போட்டுத் திருநாளன்று எல்லோருக்கும் கொடுக்கப் போகிறார்களாம்.

நான் பார்த்தேன். மேலே கறுத்த முகில். அதைப் பிய்த்துக்கொண்டு, சக்கரங்கள் தொங்க, மூக்கை நிமிர்த்தி எழும்புகிற எங்கள் விமானம். கீழே புல்வெளியில் தகரக் கதிர்களோடு லொறி. லொறிக்கு நேர் பின்னால் கோடு கோடாக அந்தக் கம்பம்.

லொறித் தட்டில் ஒரு பெண், தகரக் கதிர் ஒன்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து விமானத்தை அண்ணாந்து பார்க்கிறாள். கம்பத்தின் அடி அவள் தோளுக்குப் பின்னால் தொடங்கி மேலே போகிறது. அவள் கட்டியிருந்த சேலை நான் மெட்ராஸில் வாங்கிக் கொடுத்தது.

சவுந்தரநாயகம் விளங்கப்படுத்திக்கொண்டே போனான். மாதா வந்து இறங்குகிற நிலத்திலேயே வரவேற்கவேண்டும் என்பது அவனுடைய யோசனையாம். படமும் திறமாக வரும் என்று அந்த இடத்தை அவனே ஒரு வாரம் முந்திப் போய்ப் பார்த்து வைத்தானாம். பிரதி மந்திரியின் ஆள் சொல்லிப் பின்பக்கக் கேற்றைத் திறப்பித்தானாம். விமானம் இறங்காமல் மேலே போனதும் லொறியைக் கட்டடத்தடிக்கு எடுத்துப் போய்விட்டார்களாம். இதையெல்லாம் என் முகத்துக்கு நேரே பெருமையாகச் சொன்னான். நான் கேட்ட கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்றுகூட அந்த மரமண்டைக்குத் தெரியவில்லை. லொறியைப் பற்றி வெளியில் மூச்சு விடக்கூடாது என்று அவன் எல்லோரையும் தடுத்தது களவாக உள்ளே போனதற்காகத்தான். புகழ் என்று வந்ததும் அந்தப் பயமும் பறந்துவிட்டது. தான் செய்த தகரமே தன்னைக் கொல்ல வந்தது, அதிலிருந்து தன்னைத் தூக்கியது அந்தச் சோனகப் பொடியன் என்று சொன்னால் அவன் சிரிப்பான். நான் சொல்லவில்லை. படம் நல்லாயிருக்கிறது மச்சான், வைத்துவிட்டுப் போ என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

ஐறீன் குசினிக்குள் போய் நின்றாள். நான் படத்தோடு பின்னால் போனேன்.

“நீர் எங்க நிண்டனீர் எண்டு கேட்டனான். நினைவிருக்கா?”

அவள் அழுதாள். அண்ணனைப் பொலிஸ் பிடிக்கும் என்று பயந்தாளாம். பிறகு எல்லோரும் புதுமை என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள், அதை எப்படி மறுப்பது என்றாள். பங்கில் தலை காட்ட முடியாது என்றாள். சரி, அண்ணன் பாசம், ஊர்ப் பயம், இதையெல்லாம் நான் விளங்கிக்கொள்வேன். ஸமீமாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தபோது என்ன நினைத்தீர் என்று கேட்டேன்.

“பாவமாத்தான் இருந்தது. ஆனா உங்களுக்கு ஒண்டும் வராது தானே. நீங்கள் கெப்டன். அவை வேற ஆக்கள், வேற எங்கையாவது ஒரு வேலை தேடிக்கொள்ளுவினம்.”

இவ்வளவு காலமும் பக்கத்தில் படுத்து எழும்பியவள் வாயிலிருந்து இதைக் கேட்டேன். சவுந்தரநாயகம் ஒரு கோமாளி, அவனைப் பார்த்து வெறுப்போடு ஒரு சிரிப்பும் வரும். இவளைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பிடித்த கோப்பையில் தண்ணீர் குடிக்கவும் கூசியது. மெழுகுதிரி கொளுத்தினீரா என்று கேட்டேன். ஓம், ஒவ்வொரு செவ்வாயும் என்றாள். பொய்யில்லை, உண்மையாகவே கொளுத்தியிருக்கிறாள். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

படத்தை விசாரணைக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றேன். அவள் காலில் விழவில்லை, கத்தவுமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அலுமாரியிலிருந்து தையல் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

“கொண்டு போங்கோ. என்ட பக்கத்தை மட்டும் வெட்டிப்போட்டுக் குடுங்கோ. உங்கட மனுசி எண்டு தெரிஞ்சா உங்களுக்கும்தானே வெக்கம்.”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன், கத்தரிக்கோலையும் கையில் எடுத்தேன். அவளை வெட்டினால் கம்பம் போய்விடும். கம்பம் போனால் எங்கேயோ ஒரு புல்வெளியில் ஒரு லொறி, அவ்வளவுதான். கம்பத்தின் முன்னால் லொறி நின்றது என்று காட்ட வேறு வழியில்லை. கத்தரிக்கோலை அலுமாரியில் திருப்பி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை விசாரணை. ஐறீன் மெழுகுதிரி கொளுத்தப் போகும் நாள், அவளையும் காரில் ஏற்றிக்கொண்டுதான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மனேஜரும் இன்னும் இரண்டு அதிகாரிகளும். இந்தப் பக்கம் ஹுசைன், சீருடை போட அனுமதியில்லாததால் வெள்ளைச் சட்டையோடு. உடம்பு பாதியாக இருந்தான். நான் படத்தை மேசையில் வைத்தேன். அதிகாரிகளில் ஒருவர் எஞ்சினியர். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதலில் விமானத்தைப் பார்த்தார், பிறகு லொறியை, பிறகு கம்பத்தை. கம்பத்தில் விரலை வைத்தார். அப்புறம் மனேஜரிடம் ஆங்கிலத்தில், இவ்வளவு தகரம் இவ்வளவு கிட்ட நின்றால் எந்த முள்ளும் பொய்தான் சொல்லும், இந்தப் பையன் தூக்கியிராவிட்டால் நாம் இங்கே பிணங்களைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம் என்றார். ஹுசைன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

மனேஜர் விடவில்லை. படம் எடுத்த நாளும் நேரமும் இதுதான் என்று யார் சொல்வது, அந்தக் கமிற்றிக்காரர்கள் எல்லோரும் லொறி அங்கே போகவேயில்லை என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். அங்கே நின்ற ஒரு ஆளாவது வந்து வாயைத் திறந்து சொல்லவேண்டும் என்றார். எஞ்சினியர் படத்தை என் பக்கம் திருப்பி, கம்பத்தடியில் இருந்த முகத்தைப் பென்சிலால் தொட்டார். இந்தப் பெண் யார், இவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார்.

“கண்டுபிடிக்கத் தேவையில்லை. அது என் மனைவி. வெளியில் காரில் இருக்கிறா. கூட்டி வருகிறேன்” என்று சொல்லி எழும்பினேன்.